உலக முடிவு பயணத்துக்கு முழுக்காசையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள்: 28,500 ரூபாய் போன கதை

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று வியாழன். இன்னும் கோபம் அடங்கவில்லை. இந்த விடுமுறைக்கு ஹோட்டன் சமவெளியில் இருக்கிற உலக முடிவு (World's End) மலைவிளிம்பைப் பார்க்கப் போக நினைப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மா அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் விடியற்காலை மலை உச்சியில் நின்றால் தூரத்தில் கடல் வெள்ளிக்கோடு மாதிரி தெரியும் என்று அடிக்கடி சொல்வார். கல்யாணம் முடித்து நுவரெலியா பக்கம் வந்தபின் 31 வருடம் கொழுந்து பறித்தார், அந்தக் கோட்டை மறுபடி பார்க்கவே இல்லை. இப்போது 63 வயது, முழங்காலில் வலி. இன்னும் ஒரு வருடம் போனால் நடக்க முடியாது என்றுதான் அவசரப்பட்டேன்.

சமூக வலைத்தளத்தில் ஒருநாள் மலையேற்றம் கூட்டிப்போகும் பக்கம் ஒன்றைப் பார்த்தேன். வேன், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, காலைச் சாப்பாடு, ஐந்து பேருக்கு 28,500 ரூபாய். முதலில் பாதிதான் தருவேன் என்றேன். அந்தப் பையன் போனில், "அக்கா, நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைதான், அம்மாவிடம் கொடுங்க" என்றான். அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினான். எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தான். "கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுறேன் அம்மா" என்றான். அம்மா போனை வைத்துவிட்டு, "நல்ல பிள்ளை" என்றார். அடுத்த நிமிடமே முழுக்காசையும் வங்கியில் போட்டு சிலிப்பையும் அனுப்பினேன்.

அதிகாலை 4.30க்கு நுவரெலியா பஸ் நிலையத்தில் வேன் நிற்கும் என்றார்கள். நாங்கள் 4.15க்கே போய்விட்டோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, நட்சத்திரம் அப்படித் தெரிந்தது. குளிரில் பிள்ளைகள் நடுங்க, "இதோ பத்து நிமிடம்" என்று அந்தப் பையன் போனில் நான்கு தடவை சொன்னான். வேன் வந்தது 7.50க்கு! வழிகாட்டியும் இல்லை, சாப்பாடும் இல்லை. "நான் டிரைவர் மட்டும்தான், எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார் வந்தவர். வாசலில் எங்கள் பெயருக்குச் சீட்டே எடுத்திருக்கவில்லை. திரும்பக் காசு கட்டி, பையில் பொலித்தீன் இருக்கிறதா என்ற சோதனை முடிந்து நடக்கத் தொடங்கும்போது பத்து மணி.

அங்கே போனவர்களுக்குத் தெரியும், ஒன்பது பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். அம்மா நின்று நின்று நடந்து உலக முடிவுக்கு வந்தபோது எல்லாம் வெள்ளை. ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் இடம், கீழே இருக்கிற தேயிலைமலைகூடத் தெரியவில்லை. "கடல் எந்தப் பக்கம்டி?" என்று அம்மா கேட்டார். தெற்குப் பக்கம் கையைக் காட்டினேன். அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். விடியற்காலை இருந்த வானத்துக்கு, சொன்ன நேரத்தில் வந்திருந்தால் நிச்சயம் கண்டிருப்பார்.

அன்று மாலை போன் எடுத்தேன். "மீட்டிங்கில் இருக்கேன் அக்கா." திங்கள், "வேன் வெளியாளுடையது, அவரிடம் கேளுங்க." செவ்வாய், "மூடுபனிக்கு நாங்க பொறுப்பில்லை, வேண்டுமானால் அடுத்த பயணத்தில் 10 வீதம் கழிக்கிறோம்." மூடுபனிக்கா நான் காசு கேட்டேன்? மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்ததற்கும், எடுக்காத சீட்டுக்கும், வராத வழிகாட்டிக்கும்தானே கேட்டேன்! நேற்று என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கருத்தையும் அழித்துவிட்டார்கள். 28,500 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை.

சரி, சொல்ல நினைத்தது நிறைய, இப்போது மனம் ஓடவில்லை. சீட்டை வாசலில் நீங்களே எடுங்கள், யாரிடமும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். சுற்றுப்பாதை ஒன்பதரைக் கிலோமீட்டர் அளவு, பாதை தெளிவாக இருக்கிறது, வழிகாட்டி இல்லாமலே போகலாம். தெரிந்த வேன்காரரை நீங்களே பேசுங்கள், வாசல் திறக்கும் ஆறு மணிக்கே அங்கே நில்லுங்கள். வழிகாட்டி என்று சொன்னால் சுற்றுலா அதிகார சபையின் அனுமதி அட்டையைக் கேளுங்கள். போன் பேச்சு எதையும் நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், நானும் நாளைக் காலை அழைக்கப்போகிறேன். 28,500 ரூபாயில் இதுவரை ஒரு சதம்கூட வரவில்லை.