நாலு கேள்வி முறை: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வருபவர்களுக்கான தொழிற்பயிற்சி வகுப்புகளின் தரத்தைப் பார்ப்பது ஆறு வருடங்களாக என் பொறுப்பு. அதற்குக் கையில் வைத்திருப்பது, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதிய நான்கு நிலை முறை. படித்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, கற்றதை வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் உண்டா. அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருடம் நான் முதல் கேள்வியைத் தாண்டவே இல்லை. கடைசி நாள் கருத்துப் படிவம் கொடுப்போம், ஐந்துக்கு நாலரை வரும், கோப்பில் போட்டுவிடுவோம். பாதியில் நின்றவர் கைக்கு அந்தப் படிவம் போவதே இல்லை என்பது எனக்கு உறைக்க அவ்வளவு காலம் பிடித்தது.

தேர்ச்சி விகிதமும் இதே கதைதான். 20 பேர் சேர்ந்து, 12 பேர் முடித்து, 11 பேர் தேறினால் 92 சதவீதம் என்று எழுதலாம். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 55. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டாவது எண்ணைப் பலகையில் எழுதிய அன்றுதான் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். ஒரு வகுப்பில் ஆட்கள் கழன்றது ஐந்தாம் வாரம், முதல் ஒப்படைப்பை எழுதிக் கொடுக்க வேண்டிய வாரம். அவர்கள் எழுதுவதையே விட்டுப் பல வருடமானவர்கள். எப்படி எழுதுவது என்று நாங்கள் சொல்லித் தந்ததில்லை. ஒப்படைப்பைச் சின்னதாக்கி, மாதிரி ஒன்றை வகுப்பிலேயே சேர்ந்து எழுதினோம். அடுத்த முறை பாதியில் நின்றவர்கள் குறைந்தார்கள்.

படிவத்தை மூன்றாம் வாரத்துக்கு மாற்றினேன். குறை சொன்னவருக்கே அதன் பலன் கிடைக்க வேண்டும் இல்லையா? "பிடித்ததா" என்பதற்கு இப்போது பெரிய மதிப்பும் தருவதில்லை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவர்கள், விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் அவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள்.

மூன்றாம் கேள்விக்கு, முடித்து ஆறு மாதம் கழித்துப் போன் செய்கிறோம். பலர் எடுப்பதில்லை. எடுத்த ஒருவர், "நீங்க சொல்லிக்கொடுத்த மென்பொருளை இங்க யாரும் தொடுறதே இல்லை" என்றார். இன்னும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் பாடத்தை மாற்றினோம்.

நாலாவது எனக்கு இன்னும் கைவரவில்லை. வேலை கிடைத்தது வகுப்பாலா, அந்த வருடம் ஆள் தேவை அதிகம் இருந்ததாலா, பிரிக்க முடிவதில்லை. அறிக்கையில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்புகிறேன்.