பேட்டரி விளக்கு எரிந்தால் எந்தச் சோதனையை நம்புவது? டெர்மினல் கழற்றல், மல்டிமீட்டர், கடை டெஸ்டர், ஸ்கேனர்: ஓர் ஒப்பீடு

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு பேட்டரியின் வடிவத்தில் இருப்பதால், அதைக் கண்டவுடன் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி நேரே பேட்டரிக் கடைக்குப் போகிறவர்களே அதிகம். உண்மையில் அந்த விளக்கு பேட்டரியின் ஆயுளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்பதைத்தான் சொல்கிறது. பழைய வகை அமைப்பில் விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடும், மறுமுனை, இன்ஜின் சுழற்ற மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரோடும் (பேச்சு வழக்கில் டைனமோ) இணைந்திருக்கும். சாவியைத் திருப்பி இன்ஜினை ஓட்டாமல் வைத்திருக்கும்போது பேட்டரியிலிருந்து விளக்கு வழியாக ஒரு சிறு மின்னோட்டம் ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குப் போய் அதற்கு முதல் காந்தத்தன்மையைத் தருகிறது. இன்ஜின் ஓடி மின்சாரம் உற்பத்தியானதும் விளக்கின் இரு பக்கமும் ஒரே வோல்டேஜுக்கு வந்துவிடுவதால் அது அணைகிறது. ஆகவே இன்ஜின் ஓடும்போது விளக்கு எரிவது மட்டுமல்ல, சாவி போட்டவுடன் எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருப்பதும் பழுதுதான். பல்பு ஃபியூஸ் போனதால் ஆல்டர்னேட்டருக்கு அந்த முதல் மின்னோட்டம் கிடைக்காமல், சார்ஜே ஏறாத பழைய கார்கள் உண்டு.

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க நம் ஊரில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது, மல்டிமீட்டரால் அளப்பது, பேட்டரிக் கடையின் எலக்ட்ரானிக் டெஸ்டரில் சீட்டு எடுப்பது, காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டுவது. நான்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாகத் தோன்றினாலும் அப்படியில்லை. குழப்பம் தொடங்குவதே அங்குதான்.

டெர்மினல் கழற்றுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நிறுத்தச் சொல்வதற்காகவே இந்த ஒப்பீட்டை எழுதத் தொடங்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது நெகட்டிவ் டெர்மினலைத் தூக்கிப் பார்த்து, வண்டி நின்றால் "டைனமோ காலி", நிற்காவிட்டால் "டைனமோ ஓகே, பேட்டரிதான் காலி" என்று தீர்ப்புச் சொல்வது ரேடியோவைத் தவிர வேறு எலக்ட்ரானிக் பொருளே இல்லாத கார்களின் காலத்தில் உருவான பழக்கம். இன்றைய காரில் இன்ஜினுக்கும் ஏர்பேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் தனித்தனி கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. ஆல்டர்னேட்டர் நல்ல மின்னோட்டத்தைத் தந்துகொண்டிருக்கும்போது அதை வாங்கிக்கொள்ளும் பேட்டரியைத் திடீரெனப் பிரித்தால், சுழலும் சுருளின் காந்தப்புலம் அந்தக் கணமே அடங்காது. அடங்குவதற்குள் வோல்டேஜ் பல பத்து வோல்ட் அளவுக்கு எகிறிவிடும், அந்த அடியைப் பேட்டரிக்குப் பதிலாக அந்தப் பெட்டிகள் வாங்கிக்கொள்ளும். இவ்வளவு ஆபத்துக்குப் பிறகு கிடைக்கும் விடையும் நம்பத் தகுந்ததில்லை. மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக மாற்றும் டையோடுகளில் ஒன்று போன, பாதித் திறனில் இயங்கும் ஆல்டர்னேட்டர்கூட ஐட்லிங்கில் இன்ஜினை ஓட்டிவிடக்கூடும்; நல்ல ஆல்டர்னேட்டர் பேட்டரியின் தாங்கல் இல்லாமல் தடுமாறி இன்ஜினை நிறுத்தவும் கூடும். எந்த மெக்கானிக் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், உங்கள் காரில் இதைச் செய்யக் கை நீட்டினால் தடுத்துவிடுங்கள்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், வரிசை தவறாமல் பயன்படுத்தினால், மற்ற மூன்றையும்விட அதிகமான கேள்விகளுக்கு விடை தரும் என்பது என் உறுதியான கருத்து. காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஒன்று எண்ணைக் கூட்டிக் காட்டும் என்பதால்தான் காலை நேரம். அடுத்து, உடன் ஒருவரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். அப்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே சரிந்தால், பேட்டரியோ செல்ஃப் மோட்டாரோ கேபிளோ சந்தேகத்துக்கு உரியது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஹெட்லைட், ஏ.சி. விசிறி, பின் கண்ணாடியின் ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, இன்ஜின் வேகத்தைச் சற்று உயர்த்தி அளந்தாலும் பதின்மூன்றரைக்குக் கீழே இறங்கக்கூடாது. மாறாக 15 வோல்ட்டைத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று பொருள். பேட்டரியில் தண்ணீர் வேகமாக வற்றுவதும், அழுகிய முட்டை நாற்றம் வருவதும், பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போவதும் அதன் அறிகுறிகள். பழைய கார்களில் இந்த நிலையில் எச்சரிக்கை விளக்கு எரியாமலே போகலாம் என்பதால் இதைக் கண்டுபிடிக்க மீட்டரைத் தவிர வேறு துணை கிடையாது.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். பலர் செய்யாமல் விடுவது அடுத்த படியை, எனக்கும் அது பட்டுத்தான் தெரிந்தது. என்னிடம் முன்பு இருந்த பழைய டீசல் காரில், பகலில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. இரவில் ஹெட்லைட் போட்டால் மட்டும் அது சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஒரு கடையில் பேட்டரி பழையது என்று சொல்லிப் புதியதை மாட்டிவிட்டார்கள். மூன்று வாரத்தில் புதிய பேட்டரியும் காலையில் செல்ஃப் அடிக்க மறுத்தது. வீட்டு வாசலில் வண்டியை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன்: 12.3. அதே ஓட்டத்தில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உள்ள தடித்த போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தேன்: 14.4. இரண்டு வோல்ட்டுக்கு மேல் இடையில் எங்கேயோ தொலைந்துகொண்டிருந்தது. மீட்டரின் சிவப்பு முனையை அந்த போல்ட்டிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தபோது 2 வோல்ட் காட்டியது; அங்கே 0.2 அல்லது 0.3-க்கு மேல் இருக்கவே கூடாது. இன்ஜினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலையும் கழற்றி வைத்துவிட்டு, ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தேன். கேபிளின் கண்ணி பச்சைப் பூத்து, நட்டு விரலால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கம்பிப் புரிகளில் பாதி கருகி உதிர்ந்திருந்தன. கண்ணியை வெட்டிப் புதிதாக அடித்து, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் பேட்டரியில் 14.2 வந்தது, மங்கல் விளக்கும் அணைந்தது. ஆல்டர்னேட்டர் பக்கம் 14.4, பேட்டரி பக்கம் 12.3 என்ற அந்த இரண்டு வோல்ட் வேறுபாட்டில்தான் அந்த பல்பு அவ்வளவு நாளும் மங்கலாக எரிந்திருக்கிறது. விளக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இதே அளவை எர்த் பக்கமும் எடுக்க வேண்டும்: ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருப்பது கடற்கரை ஊர்களின் வண்டிகளில் அடிக்கடி காண்பது. மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் அளந்து, 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் டையோடு போயிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி ரேடியோவில் கேட்பதும் அதற்குத் துணைச் சாட்சி.

பேட்டரிக் கடையின் எலக்ட்ரானிக் டெஸ்டரை நான் குறைத்து மதிக்கவில்லை. மல்டிமீட்டரால் முடியாத ஒன்றை அது செய்கிறது: பேட்டரி 12.6 வோல்ட் காட்டியும் உள்ளே பலமில்லாமல் இருப்பதை, ஒரு சிறு மாறுதிசைச் சமிக்ஞையை அனுப்பி அதன் கடத்துதிறனைக் கொண்டு மதிப்பிடுகிறது. நம் வெயிலில் பேட்டரிகள் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுவதால் இந்தச் சோதனைக்குத் தேவை இருக்கிறது. ஆனால் சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே சோதித்தால், நல்ல பேட்டரிக்கும் "மாற்றவும்" என்று சீட்டு வரலாம். முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் சி.சி.ஏ. எண்ணைத்தான் (குளிரில் செல்ஃப் அடிக்க அது தரக்கூடிய மின்னோட்டத்தின் அளவு) கருவியில் இட்டார்களா என்பதையும் கேளுங்கள். இன்னொன்று, கண்டுபிடிக்கும் இடமும் விற்கும் இடமும் ஒன்றாக இருக்கும்போது, விடை பேட்டரியின் பக்கம் சாய்வது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே நடக்கக்கூடியது.

ஓபிடி ஸ்கேனர் வேறு வகை. அது காட்டும் வோல்டேஜ் இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வந்துசேரும் வோல்டேஜ்தான். பேட்டரி முனையில் உள்ளதைவிட அது சற்றுக் குறைவாக இருக்கும், எங்கே குறைகிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. பழைய காரில் அதனால் பயன் குறைவு. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வந்த, இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் கார்களில் மல்டிமீட்டர் தனியாக நின்றால் நம்மை ஏமாற்றிவிடும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக அந்த அமைப்பு சீரான ஓட்டத்தில் வோல்டேஜை 12.8 வரைகூட இறக்கிவைத்து, பிரேக் பிடிக்கும்போது 14.5-க்கு மேல் ஏற்றும். இறக்கிவைத்த நேரத்தில் மீட்டரை வைத்தவர் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லிவிடுவார். ஹெட்லைட்டைப் போட்டால் இவற்றில் பல கார்கள் மீண்டும் 14-ஐ ஒட்டி வந்துவிடும்; அப்படி வராவிட்டால் ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு, பி0563 என்றால் அதிகம், பி0620 ஆல்டர்னேட்டர் கட்டுப்பாட்டுச் சுற்று, பி0621 விளக்குச் சுற்று, பி0622 சுழலும் சுருளின் சுற்று. இவற்றில் எதுவும் "ஆல்டர்னேட்டரை மாற்று" என்று சொல்வதில்லை. எந்தச் சுற்றில் மீட்டரை வைக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே புதிய காரில் ஸ்கேனர் முதலிலும் மல்டிமீட்டர் அடுத்ததாகவும், பழைய காரில் மல்டிமீட்டர் மட்டுமாகவும் போவதே என் தேர்வு.

ஓட்டத்தின் நடுவில் விளக்கு எரிந்தால் நிறுத்துவதா, அருகிலுள்ள ஊர்வரை போவதா என்ற கேள்விக்கு விடை பெல்ட்டில் இருக்கிறது. பாதுகாப்பாக ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து பாருங்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. அப்படிப்பட்ட காரில் பெல்ட் அறுந்திருந்தால் ஒரு கிலோமீட்டர்கூடப் போக நினைக்காதீர்கள், இன்ஜின் கொதித்துவிடும். பெல்ட் நன்றாக இருந்தால் ஏ.சி.யையும் ரேடியோவையும் அணைத்துவிட்டுப் பகலில் சிறிது தொலைவு போகலாம். இரவில் ஹெட்லைட் மட்டுமே ஏறக்குறைய 9 ஆம்பியர் எடுக்கும். இன்ஜெக்‌ஷனும் பெட்ரோல் பம்பும் தம் பங்குக்கு எடுக்கும். ஒரு சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியை முழுவதும் உறிஞ்சிவிட முடியாது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்ப்பது ஆபத்து. மின் ஸ்டியரிங் உள்ள காரில் வோல்டேஜ் இறங்கும்போது ஸ்டியரிங் சட்டென இறுகிவிடும். இடையில் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

பழுது ஆல்டர்னேட்டரில்தான் என்று உறுதியான பிறகு, ரிப்பேர் செய்வதா, ரீகண்டிஷன் செய்ததை மாற்றிக்கொள்வதா, புதியதா? கார்பன் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மட்டும் தேய்ந்திருந்தால், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அரை நாளில் சரிசெய்துவிடுவார். அதற்குப் புதிய ஆல்டர்னேட்டர் வாங்குவது வீண் செலவு. லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1960-களிலிருந்து சென்னை பாடியில் இந்த மின்கருவிகளைச் செய்துவருவதாலோ என்னவோ, பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பேரிங் சத்தமும் அவ்வாறே சரிசெய்யத் தக்கது. ஆல்டர்னேட்டருக்குள் சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர் சுருள் கருகி வார்னிஷ் எரிந்த வாடை அடித்தால் மட்டும் நான் ரீவைண்டிங்கை விட்டுவிட்டுப் புதியதையோ, உத்தரவாதச் சீட்டோடு வரும் ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டரையோ வாங்கச் சொல்வேன். கையால் சுற்றிய சுருள் இன்ஜின் சூட்டை எத்தனை கோடைகள் தாங்கும் என்பதற்கு யாரும் உறுதி தருவதில்லை. எதைச் செய்தாலும், இறங்கிப்போன பேட்டரியை முதலில் வெளியே சார்ஜரில் ஓர் இரவு போட்டு நிரப்பிய பிறகே மாட்டுங்கள், ஏனென்றால் காலியான பேட்டரியை நிரப்பும் வேலையைப் புதிய ஆல்டர்னேட்டரின் தலையில் முதல் நாளே கட்டினால் அது முழுத் திறனில் நெடுநேரம் ஓடிச் சூடேறும். மாட்டிய பின் வண்டியைப் பூட்டி முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு, நெகட்டிவ் கேபிளின் தொடரில் மீட்டரை வைத்து, கசியும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் இருந்தால் பழுது இன்னொன்றும் இருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அந்த எண் இறங்குகிறது என்று தேட வேண்டும்.