நட்சத்திரக் கண்கள், வீட்டுக் கண்ணாடி முன்: பல வருடப் பழக்கத்தில் தேறியவை

நடிகைகள், பாடகிகள், மாடல்களின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கண் ஒப்பனையை வீட்டில் போட்டுப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். எங்கேயும் போகவேண்டியதில்லாத நாளிலும் போடுவேன். கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகி, அப்படியே கலைத்துவிட்டுத் தூங்கப்போனதும் உண்டு. அப்படிப் போட்டதில் எந்தப் பொருள் என்னிடம் நிலைத்தது, எந்த உத்தி தேறியது, எது விடைபெற்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கண்ணைப் பற்றி. இது தெரியாமல் யாருடைய ஒப்பனை அனுபவத்தைப் படித்தாலும் பாதிப் பயன்தான். புருவத்துக்குக் கீழுள்ள தோல் சரிந்து வந்து மடிப்பை மூடும் கண் எனக்கு, ஹூடட் என்பார்கள். மூடினால் இமையில் தாராளமாக இடம் இருக்கும், திறந்தால் எல்லாம் உள்ளே போய்விடும். எண்ணெய்ப் பசையும் அதிகம். விழி அடர் பழுப்பு. மடிப்பு நன்றாகத் தெரியும் கண் வாய்த்தவர்களுக்கு நான் சொல்லும் பாடுகளில் பாதி இல்லை, கொடுத்துவைத்தவர்கள்.

எந்தப் படத்தைப் பார்த்துப் போடுகிறோம் என்பது பொருளைவிட முக்கியம். பத்திரிகை அட்டைப் படத்தை நான் எடுப்பதே இல்லை. அதில் விளக்கு எங்கே இருந்தது, கணினியில் எவ்வளவு திருத்தினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. விழாக்களில் எடுத்த படங்கள் மேல்: ஒரே ஒப்பனையைப் பல கோணங்களில் பார்க்கலாம். அவர் நேராகப் பார்க்கும் படம் ஒன்று, கீழே பார்க்கும் படம் ஒன்று, இரண்டும் வேண்டும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கீழே பார்க்கும் படம் காட்டும். கண் திறந்ததும் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று மற்றது காட்டும். விழியின் நிறத்தையும் பார்க்கவேண்டும். ஐஸ்வர்யா ராயின் விழி வெளிர் நிறம். அவருடைய இமையில் செம்பு நிறம் அப்படிப் பளிச்சென்று தெரிய அதுவும் ஒரு காரணம். அதே செம்பை அடர் பழுப்பு விழிக்குப் போட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அடக்கமாக இருக்கும். அந்தப் பளிச் வேண்டுமென்றால் கருநீலமோ கத்தரிப்பூ நிறமோதான் எனக்குக் கைகொடுத்தது.

சரி, ஐலைனர். என் மொத்தப் பழக்கத்தில் பாதி நேரம் போனது கண் ஓரத்தைத் தாண்டி நீளும் அந்த வாலுக்குத்தான். சரோஜாதேவியின் நீட்டிய மை, அறுபதுகளின் அமெரிக்கப் பெண் பாடகர் குழுக்களின் தடித்த மை, அவர்களைப் பார்த்து பிரிட்டிஷ் பாடகி எமி வைன்ஹவுஸ் போட்ட இன்னும் தடித்த மை எல்லாம் ஒரே குடும்பம். தொடக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல் கண்ணை மூடி, தோலை ஓரமாக இழுத்துப் பிடித்து வரைவதைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். ஹூடட் கண்ணில் அது உதவாது. தோலை விட்டதும் கோடு நெளியும். கண்ணைத் திறந்ததும் வாலின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய், நுனி மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எனக்குத் தேறிய முறை இது. கண்ணாடியை முகத்துக்கு நேராக வைத்து, கண்ணைத் திறந்து, முகத்தைச் சுளிக்காமல் நேராகப் பார்க்கவேண்டும். கீழ் இமையின் ஓரம் மேல் நோக்கி நீண்டால் எந்தச் சாய்வில் போகுமோ அந்தச் சாய்வில், மடிப்பைத் தாண்டி ஒரு புள்ளி. அதிலிருந்து கண் ஓரத்துக்கு ஒரு கோடு, மடிப்பின் மேலேயே. இப்போது கண்ணை மூடினால் கோட்டில் ஒரு சின்ன உடைப்பு, படிக்கட்டுபோல, தெரியும். அதை அழகுபடுத்தப் போகக்கூடாது. உள்ளே இருக்கும் இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதும். மூடிய கண்ணில் அது கோணலாக இருக்கும், திறந்த கண்ணில் நேராக நிற்கும். நம்மைப் பார்ப்பவர்கள் திறந்த கண்ணைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு வாலும் ஒரே நீளம் என்று அளந்துகொண்டிருப்பதையும் விட்டுவிட்டேன். யாருடைய இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இல்லை. புள்ளியை மட்டும் இரண்டு பக்கமும் முதலிலேயே வைத்துவிடுவேன்.

பொருளாகப் பார்த்தால், டப்பாவில் வரும் ஜெல் லைனர்தான் கருமையில் முதல். ஆனால் மூடி லேசாகத் தளர்ந்தாலும் இறுகிப்போகும், அப்புறம் பிரஷில் கட்டி கட்டியாக வரும். ஃபெல்ட் முனைப் பேனா கைக்கு எளிது. அதன் பகை ஐஷேடோ பவுடர். பவுடர் மேல் வரைந்து வரைந்து முனை அடைத்து, மை இருக்கும்போதே எழுத மறுக்கும். லைனரை முதலில் போட்டு, அப்புறம் சுற்றிலும் ஷேடோவைக் கொண்டுவந்தால் பேனாவின் ஆயுள் கூடுகிறது. கடைசியில் என்னிடம் நிரந்தரமாகத் தங்கியது பென்சில். முதலில் பென்சிலால் வடிவம், அதன் மேல் அதே நிற ஷேடோவைச் சாய்ந்த பிரஷால் ஒற்றி எடுப்பது. மாலை வரை நிற்கிறது, சீவும்போது முனையும் புதிதாகிறது.

எண்ணெய் இமைக்குப் பிரைமர், அதாவது ஷேடோ நிற்க அடியில் பூசும் பூச்சு, வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். மற்ற எதையும் குறைக்கலாம், இதை அல்ல. கருவளையத்தை மறைக்கும் கன்சீலரையே பிரைமராகப் போடலாம் என்பார்கள். அதில் உள்ள எண்ணெயே மடிப்பில் கோடு விழவைக்கும். என் இமையில் மதியம் தாண்டியதில்லை.

ட்விக்கியின் கண் வேறு ரகம். 1966இல் உலகம் முழுக்கத் தெரியவந்த அந்த லண்டன் மாடலின் அடையாளமே கீழ் இமைதான்: இமைமயிரை ஒவ்வொன்றாக வரைந்து, மேலே மடிப்பில் ஒரு கருங்கோடு போட்டு, பொம்மைக் கண் போலாக்குவார். பார்க்கச் சுலபம்போல இருக்கும். அப்படியே போட்டால் நேரில் பார்ப்பவர்கள் "கண்ணில் என்ன?" என்று கேட்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பகுதியை மட்டும். கீழ் இமைமயிருக்கு மஸ்காரா போட்டு, ஈரம் காய்வதற்குள் சிறு இடுக்கியால் இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுவது. வரைந்த கோடு எதுவும் இல்லை, ஆனால் அந்தச் சாயல் வந்துவிடும். மடிப்புக் கோட்டைக் கறுப்புக்குப் பதில் பழுப்பில், என் உண்மையான மடிப்புக்குச் சற்று மேலே போடுகிறேன். ஹூடட் கண்ணுக்கு இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும் வித்தை இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிர் ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன். அவருடைய ஒப்பனைக் கலைஞர் ஆல்பெர்ட்டோ தெ ரோஸி, மஸ்காரா போட்டபின் ஒவ்வொரு இமைமயிரையும் ஊக்கால் பிரிப்பாராம். படிக்கவே எனக்குக் கண் கூசுகிறது. மஸ்காரா குச்சிபோல் இருக்கும் சுத்தமான ஸ்பூலி பிரஷால் வேரிலிருந்து மேலே சீவினால் ஏறக்குறைய அந்தப் பிரிவு வரும். ஊக்கைக் கண் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

1963இல் திரையில் கிளியோபாட்ராவாக வந்த எலிசபெத் டெய்லரின் நீல இமையை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மாநிறத் தோலில் வெளிர் நீல ஷேடோவைத் தனியாகப் போட்டால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். அடியில் கருநீலப் பென்சிலைத் தேய்த்துப் பரப்பி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேலே நீலத்தை அழுத்தி வைத்தால் நிறம் நிறமாகவே நிற்கும். தேய்க்கக்கூடாது, ஒற்றவேண்டும். அந்த ஒப்பனைக்குப் பின்னால் இருக்கும் பண்டைய எகிப்திய மையில் கலினா என்னும் ஈயக் கனிமம் இருந்தது. இன்றும் பொருளடக்கம் அச்சிடாமல் விற்கும் சுருமா, கண்மைகளில் ஈயம் இருந்து சோதனையில் அகப்பட்டிருக்கிறது. பாரம்பரியமானது என்ற சொல்லை மட்டும் நம்பி நான் எதையும் கண்ணுக்குள் போடுவதில்லை.

கறுப்பைப் புகைபோல் கலைத்துவிடும் ஸ்மோக்கி ஐ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சேர்க்க நினைப்பது வரிசையை மட்டும். கண்ணை முடித்துவிட்டு அப்புறம் முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடுங்கள். கறுப்புப் பவுடர் கன்னத்தில் உதிராமல் இருக்காது. பல நிறங்கள் அடங்கிய பெரிய பேலட் வாங்குவதைப் பற்றியும் ஒன்று: என் பேலட்களில் குழி விழுந்திருப்பதெல்லாம் தோலைவிட ஒரு படி அடர்ந்த, மினுங்காத மேட் பழுப்பு, அடர் பழுப்பு, ஏதாவது ஒரு மினுக்கு. மற்ற நிறங்கள் வாங்கிய நாளில் இருந்த முத்திரையோடு அப்படியே இருக்கின்றன. அப்புறம், கைவினைப் பொருட்களுக்கு விற்கும் கிளிட்டர் கண்ணுக்கு ஆகாது. அந்தத் துகள் கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடலாம்.

மஸ்காராவில் நீண்ட நாள் பயன்பாட்டில் ஜெயித்தது ட்யூபிங் வகை. அது இமைமயிரைச் சுற்றிச் சின்னக் குழாய்போல் படிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாகக் கழன்று வரும். எண்ணெய்ப் பசையில் கரைந்து கண்ணுக்குக் கீழே கறுப்பாக இறங்குவதில்லை. அழுத்தமான அடர்த்தி வேண்டுமென்றால் இது சற்றுக் குறைச்சல்தான். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா நன்றாக நிற்கும், ஆனால் எண்ணெய் சேர்ந்த கிளென்சர் இல்லாமல் வராது. தேய்த்துத் தேய்த்து எடுத்தால் மஸ்காராவோடு இமைமயிரும் வரும். பஞ்சை நனைத்து மூடிய கண் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, கீழ் நோக்கி ஒரே இழுப்பாக எடுக்கவேண்டும். எந்த மஸ்காராவையும் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. காய்ந்துபோனால் தண்ணீர் விட்டுக் கலக்குவதும் இல்லை. கிருமிகளுக்கு நாமே விருந்து வைத்ததாகிவிடும்.

வாட்டர்லைனில், அதாவது இமைமயிருக்கு உட்பக்கமுள்ள ஈர ஓரத்தில், போடும் காஜல் எனக்குப் பிடித்த விஷயம், அதனால் இதை எழுதத் தயக்கம்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இமைமயிருக்கு வெளியே போட்ட பென்சிலைவிட உள் ஓரத்தில் போட்டது வேகமாகவும் அதிகமாகவும் கண்ணீர்ப் படலத்தில் கலந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணீரை ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அந்த உள் ஓரத்தில்தான் இருக்கிறது. இப்போது படம் எடுக்கும் நாட்களுக்கு மட்டும் உள்ளே. மற்ற நாட்களில் மேல் இமைமயிரின் வேர்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக. தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை.

ஒட்டு இமைமயிர் முழு நீளத்தை நான் கைவிட்டேன். ஹூடட் கண்ணில் அது மேல் தோலில் முட்டிக்கொண்டு பாரமாக இருக்கும். பாதியாக வெட்டி வெளி ஓரத்தில் மட்டும் ஒட்டினால் போதும். பசையைத் தடவியதும் ஒட்டாமல், அரை நிமிடம் விட்டு, பிசுபிசுக்கும் பதத்தில் ஒட்டவேண்டும். கண்ணாடியைத் தாடைக்குக் கீழே வைத்துக் குனிந்து பார்த்தால் வேர் நன்றாகத் தெரியும். சில பசைகளில் லேடெக்ஸ் உண்டு. ஒவ்வாமை இருக்கிறதா என்று முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாள் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸை ஒப்பனைக்கு முன்னால் போட்டு, ஒப்பனையைக் கலைப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். கண் சிவந்து நீர் வடிந்தால் அந்தச் சமயத்தில் பயன்படுத்திய மஸ்காரா, லைனர் எல்லாம் குப்பைக்குத்தான். பென்சிலைச் சீவித் தப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதையும் தூக்கிப்போடுவேன்.