கம்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்: கார் ஆண்டெனா வாங்கி ஏமாந்த கதை

காருக்கு 2 மீட்டர் அலைவரிசை ஆண்டெனா வாங்கப் போகிற ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களே, கடைக்காரர் எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) மீட்டரைக் காட்டியதும் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். நான் திறந்தேன். 3,800 ரூபாய் போச்சு.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் காரில் ரேடியோ செட்டை மாட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். சென்னையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். "ஃபைவ் பை எய்ட் சார், பக்கா மால்" என்று, அதாவது அலை நீளத்தில் எட்டில் ஐந்து பங்கு என்று சொல்லி, 1.3 மீட்டர் நீளக் கம்பியை மேக்னட் பேஸோடு என் கார் கூரையில் வைத்தார். அவருடைய அனலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையிலும் எஸ்டபிள்யூஆரைக் கோடாகக் காட்டும் கருவி) 140 மெகாஹெர்ட்ஸிலிருந்து 150 வரை ஓட்டிக் காட்டினார். கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எங்கே பார்த்தாலும் 1.2, 1.3. "ஃபுல் ஃபிளாட், பார்த்தீங்களா!" பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். ஒழுங்கான ஆண்டெனா என்றால் தனக்கான அலைவரிசையில் இறங்கி, இரண்டு பக்கமும் ஏற வேண்டும். ஹாம் லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த விஷயம்தான், கடையில் நிற்கும்போது மறந்துவிட்டது.

கூடுவாஞ்சேரியில் ஓரமாக நிறுத்தி, தாம்பரத்தில் இருக்கும் நண்பர் அண்ணனை 25 வாட்டில் கூப்பிட்டேன். "தம்பி, வெறும் இரைச்சல்தான் வருது. ஹேண்டியிலயா பேசுற?" என்றார். ஹேண்டி என்றால் கையடக்க செட். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக்கை விடாமல் இரண்டு நிமிடம் பேசினேன். இறங்கி பேஸைத் தொட்டால் இட்லிக் குண்டான் மாதிரி சுடுகிறது. கருகல் வாடை வேறு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனே நானோ விஎன்ஏ என்ற சின்ன அனலைசரோடு வந்தார். முதல் வேலையாகக் கம்பியைத் திருகிக் கழற்றினார். கம்பி இல்லாத ஆண்டெனாவில் எஸ்டபிள்யூஆர் எங்கேயோ எகிற வேண்டும். இங்கே 1.2 ஆக இருந்தது 1.0 ஆனது! கம்பி இல்லாமல்தான் இன்னும் நன்றாக இருக்கிறதாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பேஸின் அடிமூடியை நெம்பினோம். பிசினுக்குள் தடித்த ரெசிஸ்டர் இரண்டு, பக்கவாட்டாகச் சேர்த்துப் பற்றவைத்திருந்தது. கருகியும் கோடுகள் தெரிந்தன: பழுப்பு, கறுப்பு, பழுப்பு. நூறு ஓம் இரண்டு இப்படிப் பக்க இணைப்பில் சேர்ந்தால் ஐம்பது. மீட்டர் எதிர்பார்ப்பதும் அதே ஐம்பதைத்தான். அதாவது எனக்கு விற்றது டம்மி லோடு (அலையாக வெளியே விடாமல் சக்தியை வெப்பமாக்கிவிடும் போலி ஆண்டெனா), மேலே அலங்காரத்துக்கு ஒரு கம்பி. என் 25 வாட்டில் பெரும்பகுதி கூரையைச் சூடாக்கத்தான் போயிருக்கிறது.

அண்ணனிடம் இருந்த பழைய மேக்னட் பேஸில் 49 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பியை மாட்டி, அதே கூடுவாஞ்சேரியில், அதே 25 வாட்டில் பேசினேன். வீட்டுக்குத் திரும்பியிருந்த அண்ணன், "இப்ப பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். கால் அலை நீளம், வெல்டிங் கடையில் வாங்கிய கம்பி. செலவு சொன்னால் வெட்கம்.

கடையில் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: செட்டை மாட்டி மைக்கை அழுத்தாதீர்கள். நல்ல ஆண்டெனாவாக இருந்து கம்பி இல்லாமல் போனால் செட்டின் ஃபைனல் (சக்தியை வெளியே அனுப்பும் கடைசி டிரான்சிஸ்டர்) போய்விடலாம். அனலைசரிலேயே பாருங்கள்.

பிரித்த பேஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். "மூடியைத் திறந்துட்டீங்களே சார், இனி வாரண்டி இல்ல" என்றார். பேசிக்கொண்டே அடுத்த ஆளின் கார் கூரையில் அதே மாதிரி இன்னொன்றை எடுத்து வைத்தார்.