விண்டோஸ் மாறியதும் உறையத் தொடங்கிய அச்சகக் கணினி

கும்பகோணத்தில் எங்கள் அச்சகத்தின் பக்க வடிவமைப்புக்கு ஒரே ஒரு கணினிதான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதன் வழியாகத்தான் அச்சுப் பிளேட்டுக்குப் போகும். 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்ததால், அதே பெட்டியில் விண்டோஸ் 10-க்கு மாறினோம். தொல்லை அதன் பிறகுதான் வந்தது.

வேலை நடுவே எல்லாம் உறைந்துவிடும். சுட்டி மட்டும் நகரும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்கும். ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யம். அரை நிமிடம் போனால் தானாகவே விட்டு ஓடும். தை முகூர்த்த நெருக்கடியில் அந்த அரை நிமிடம் உயிரை வாங்கியது.

பார்த்தவர்கள் "ஹார்டு டிஸ்க் போய்விட்டது சார், புதிதாக வாங்கிப் போடுங்கள்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், சேதமான செக்டர்களை, அதாவது சேமிப்புத் துண்டுகளை, காட்டும் 05, சி5 என்ற எண்ணிக்கைகள் இரண்டுமே பூஜ்யமாக இருந்தன. தவிர, வேலைப்பளுவால் திணறும் டிஸ்க் என்றால் எதையாவது படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும். 100% காட்டிவிட்டு ஒன்றுமே செய்யாமல் நிற்பது வேறு நோய்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விடை கிடைத்தது. உறைந்த ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக 129 என்ற எண்ணில் ஓர் எச்சரிக்கை. அனுப்பியது ஸ்டோர்ஏஹெச்சிஐ, அதாவது டிஸ்க்கை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரோடு பேச விண்டோஸ் கூடவே வரும் டிரைவர் மென்பொருள். கேட்ட வேலை முடிந்தது என்ற குறிப்பு கன்ட்ரோலரிடமிருந்து வந்து சேரவில்லை; காத்திருந்து பார்த்துவிட்டு டிரைவர் அதை ரீசெட் செய்கிறது. அந்தக் குறிப்பை அனுப்பும் முறைக்கு எம்எஸ்ஐ என்று பெயர். ஏஹெச்சிஐ என்ற வகைக் கன்ட்ரோலர்கள் சிலவற்றின் ஃபர்ம்வேரில், அதாவது உள்ளே பதிந்த மென்பொருளில், உள்ள பிழையால் அம்முறை சரியாக வேலை செய்யாது என்பதை மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்பிலேயே விளக்கியிருக்கிறது.

மருந்தும் அதில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ஏஹெச்சிஐ கன்ட்ரோலரின் டிரைவர் விவரத்தைத் திறந்து, ஸ்டோர்ஏஹெச்சிஐதான் ஓடுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு அந்தக் கன்ட்ரோலரின் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்தை, அதாவது அதன் தனி அடையாளப் பெயரை, குறித்துக்கொண்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதே பெயருக்குக் கீழே இன்டரப்ட் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் போய், எம்எஸ்ஐ சப்போர்ட்டட் என்ற மதிப்பை 1-லிருந்து 0 ஆக்கி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். தொடுவதற்கு முன் ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

அதன் பிறகு எத்தனையோ முகூர்த்தங்கள் நிம்மதியாகக் கடந்துவிட்டன. பெரிய விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு மட்டும் அந்த மதிப்பு மறுபடி 1 ஆகியிருந்தது. இப்போது ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்குப் பிறகும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் உறைகிற கணினிக்கெல்லாம் இதுவே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. நாகப்பட்டினத்தில் நண்பரின் ஸ்டுடியோவிலும் இதே 129 வந்தது. அங்கே ஸ்மார்ட் அறிக்கையில் சி7 எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு சிதைகிறது என்று பொருள். கடற்காற்றில், இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் முனை கறுத்திருந்தது. கேபிளை மாற்றினோம். சி7 பழைய எண்ணுக்கு இறங்காது, அது இறங்கும் கணக்கே இல்லை, ஏறுவது நின்றுவிட்டது. அங்கே ரெஜிஸ்ட்ரி பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை.