வெனிஸ்ல அம்மாவோட சுத்த வாப்பொரெட்டோ 72 மணி நேர பாஸ், கண்டிப்பா வாங்குங்க

முட்டிவலி இருக்கற அம்மாவ கூட்டிட்டு வெனிஸ் போறோம்னதும் ஆளாளுக்கு வேணாம்னுதான் சொன்னாங்க, ஏன்னா ஊருக்குள்ள காரும் கிடையாது பஸ்ஸும் கிடையாது, நடக்கலாம்னா நாலு சந்துக்கு ஒரு பாலம், பாலம்னா ஏறி எறங்க படிக்கட்டு. எங்கள காப்பாத்துனது டவுன் பஸ் மாதிரி கால்வாய்ல ஓடுற இந்த வாப்பொரெட்டோ படகுதான்.

ட்ரெயின்ல வர்றவங்க மெஸ்த்ரேல எறங்கிடாதீங்க, அது வெனிஸ் தீவுக்கு வெளிய, நிலத்துப் பக்கம் இருக்கற ஸ்டேஷன். அடுத்த பத்து நிமிஷத்துல சாந்தா லூச்சியா ஸ்டேஷன், வெளிய வந்தா எதுத்தாப்லயே பெரிய கால்வாய், படகு நிக்கற எடமும் அங்கயே.

நாங்க போனப்ப ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். 72 மணி நேர பாஸ் 45 யூரோ, அஞ்சு தடவ ஏறுனாலே போட்ட காசு வந்துரும். மொதல் தடவ மிஷின்ல காட்டுற நேரத்துலேர்ந்துதான் கணக்கு, அதனால சாயங்காலம் போய் சேந்தாலும் நஷ்டமில்ல. தங்கச்சிக்கு 29 வயசு தாண்டலங்கறதால 6 யூரோவுக்கு ரோலிங் வெனிஸ் கார்டு எடுத்தோம், அவளுக்கு அதே பாஸ் 27 யூரோதான். ஏர்போர்ட் பஸ்ஸுக்கு மட்டும் சாதா பாஸ் செல்லாது.

ரூம் குடுத்தவரு "பக்கம்தான், அஞ்சு நிமிஷ நடை"னாரு, வழியில மூணு பாலம் இருக்குன்னு வாயே தொறக்கல, பெட்டியையும் தூக்கிட்டு அம்மாவையும் பிடிச்சுட்டு போனத நெனச்சா இன்னும் கோவம் வருது. ரூம் புக் பண்றப்பவே படகு நிறுத்தத்துலேர்ந்து எத்தன பாலம்னு கேட்டுருங்க.

1ஆம் நம்பர் படகு மெதுவாத்தான் போகும், இந்தக் கரை அந்தக் கரைன்னு மாறி மாறி நின்னு நின்னு போகும், ஆனா அதுதான் வேணும். நிறுத்தம் வந்ததும் படகுல நிக்கற ஆளு தடிக் கயித்த வீசி இரும்புக் கட்டையில ரெண்டு சுத்து சுத்துவாரு, கயிறு முறுக்கி கிரீச்னு சத்தம் வர்றதுக்குள்ள படகு அசையாம நின்னுரும், அப்புறம் கம்பிக்கதவ தள்ளி விடுவாரு, அம்மா ஒரே எட்டுல எறங்கிருவாங்க. சில படகுல முன்னாடி தொறந்த சீட் இருக்கு, ராத்திரி கூட்டம் கொறஞ்சப்புறம் அங்க உக்காந்து ரியால்தோ பாலத்துக்கு அடியில போனோம், அம்மா அன்னிக்கு முட்டியப் பத்தி பேசவே இல்ல.

பக்கத்துல இருக்கற புரானோ தீவுக்கும் இதே பாஸ்தான், ஃபொந்தமெந்தே நோவே நிறுத்தத்துல 12ஆம் நம்பர் படகு ஏறணும், காலைலயே போயிருங்க.