நாள்பட்ட காணாக்கடி: டோஸை ஏத்துறதா, புரோபயாடிக் சேக்குறதா?

தினமும் ஒரு அலர்ஜி மாத்திரை போட்டும் காணாக்கடி அடங்கலன்னா, அடுத்து என்ன பண்றதுன்னு வரும்போது முக்கால்வாசி பேருக்கு ரெண்டு வழி தான் கண்ணுல படும். ஒன்னு, டாக்டர்கிட்ட கேட்டு அதே மாத்திரையோட டோஸை ஏத்துறது. இன்னொன்னு, மாத்திரை பாட்டுக்கு ஓடட்டும், கூட ஒரு புரோபயாடிக் (குடலுக்கு நல்லதுன்னு சொல்ற பாக்டீரியா அடங்குன கேப்ஸ்யூல்) சேத்துப் பாப்போம்ங்கறது. நான் ரெண்டையும் பண்ணியாச்சு, முதல்ல டோஸ், அப்புறம் தான் புரோபயாடிக். என் சாய்வு டோஸ் பக்கம்தான், அதை மறைக்கல.

இங்க பேசுறது 6 வாரத்துக்கு மேல இழுக்குற காணாக்கடி பத்தி. தடிப்பு கிளம்பும், அரிச்சு எடுக்கும், 24 மணி நேரத்துக்குள்ள அந்த இடத்துல தடம் தெரியாம போயிடும், அதுக்குள்ள வேற இடத்துல புதுசா கிளம்பியிருக்கும். ஒரே தடிப்பு ரெண்டு நாள் அசையாம நின்னு, வலிச்சு, போறப்போ கருப்பா தழும்பு விட்டுட்டுப் போகுதுன்னா அது வேற நோயா இருக்கலாம், டாக்டர் பாக்கணும். நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு திணறுனா நேரா எமர்ஜென்சி தான், எந்த ஒப்பீடும் வேண்டாம்.

முதல்ல டோஸ். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின், பிலாஸ்டின் மாதிரி ரெண்டாம் தலைமுறை (அவ்வளவா தூக்கம் வராத) மாத்திரைகள் சாதாரண அளவுல 2 லிருந்து 4 வாரத்துல கட்டுப்படுத்தலன்னா, நாலு மடங்கு வரைக்கும் ஏத்தலாம்னு சர்வதேச வழிகாட்டுதல்லயே இருக்கு. மாத்திரை அட்டைல அந்த அளவு போட்டிருக்காது, அதனால நாமளா ஏத்திக்கக் கூடாது, டாக்டர் எழுதிக் குடுக்கணும், முக்கியமா கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க. நாலு மடங்குன்னு கேட்டதும் பயமா தான் இருக்கும். ஆனா 2010ல வந்த ஒரு ஆய்வுல மாத்திரைக்கு அடங்காத 80 பேருக்கு லெவோசெட்டிரிசின் இல்லன்னா டெஸ்லோராடடின் குடுத்து படிப்படியா நாலு மடங்கு வரைக்கும் ஏத்துனாங்க, ஏறக்குறைய முக்கால்வாசி பேருக்கு பலன் கிடைச்சுது, டோஸ் ஏறுனதால தூக்கம் கூடவும் இல்ல. எனக்கு முதல் சில நாள் மதியம் கொஞ்சம் மந்தமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு, ஆனா எல்லாருக்கும் அப்படியே இருக்கும்னு சொல்ல மாட்டேன், வண்டி ஓட்டுறவங்க முதல்ல வீட்டுல இருக்குற நாளா பாத்து ஆரம்பிக்கிறது நல்லது. தூக்கம் வர வைக்கிற பழைய காலத்து அலர்ஜி மருந்தையும், மாசக்கணக்குல ஸ்டீராய்டையும் நான் இந்தப் போட்டிலயே சேக்கல.

இப்ப புரோபயாடிக். இது பக்கம் ஜனங்க ஏன் போறாங்கன்னு எனக்கு நல்லாவே புரியுது. தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குறது ஹிஸ்டமின்ங்கற பொருள், அலர்ஜி மாத்திரை அது போய் உக்கார்ற இடத்தை அடைச்சு வைக்குது, அவ்வளவு தான். தோல்ல இருக்குற மாஸ்ட் செல் ஏன் சும்மா சும்மா ஹிஸ்டமினை கொட்டுதுங்கற கேள்விக்கு அது கிட்டயே போகாது. புரோபயாடிக் விக்கறவங்க சொல்றது, நாங்க குடல்லேர்ந்து நோய் எதிர்ப்பு சக்தியையே சரி பண்றோம், வேரையே பிடிக்கிறோம்னு. கேக்க இனிமையா தான் இருக்கு. நாள்பட்ட காணாக்கடி இருக்கறவங்க குடல்ல சில நல்ல பாக்டீரியா கம்மியா இருக்குன்னு ஆய்வுகள் வந்திருக்கறதும் நிஜம், ஆனா அது கம்மியானதால காணாக்கடி வந்துச்சா, காணாக்கடியாலயோ மருந்தாலயோ அது கம்மியாச்சான்னு அந்த ஆய்வுகளை வச்சு சொல்ல முடியாது. நிறைய பேருக்கு உடம்பே தனக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கி மாஸ்ட் செல்லை சீண்டி விடுது, அதை ஒரு கேப்ஸ்யூல் போய் நிறுத்திடும்னு நம்ப எனக்கு இன்னும் கொஞ்சம் ஆதாரம் வேணும்.

ஆதாரம் சுத்தமா இல்லன்னும் சொல்லல. சீனாவுல குழந்தைகளுக்கு அலர்ஜி மாத்திரையோட சேத்து குடுத்துப் பாத்ததுல, டம்மி குடுத்த குழந்தைகளை விட தடிப்பு குறைஞ்சதா முடிவு வந்துச்சு. பெரியவங்க கதை வேற மாதிரி இருக்கு. 2016ல இத்தாலில, மாத்திரை போட்டும் அடங்காத பெரியவங்களுக்கு லாக்டோபேசில்லஸ் சலிவேரியஸ், பிஃபிடோபாக்டீரியம் பிரேவ் ரெண்டையும் 8 வாரம் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் நின்ன 38 பேர்ல 27 பேருக்கு ஒரு மாற்றமும் இல்ல, 9 பேருக்கு லேசா குறைஞ்சுது, ஒருத்தருக்கு நல்லா குறைஞ்சுது, இன்னொருத்தருக்கு முழுசா போச்சு. அதுலயும் ஒப்பிட்டுப் பாக்க டம்மி மாத்திரை குரூப் கிடையாது, அந்த 11 பேர்ல எத்தனை பேருக்கு தானாவே குறைஞ்சிருக்கும்னு யாருக்குத் தெரியும்?

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்த விஷயம் இந்தக் கேள்வி தான். பக்க விளைவு, செலவு, மாத்திரை எண்ணிக்கை எல்லாம் அப்புறம். வேலை செய்யுதா இல்லையான்னு எனக்குத் தெரியுமா? இந்த நோய் தானா ஏறும், தானா இறங்கும். டென்ஷன் ஆனா ஏறும், வைரல் ஃபீவர் வந்தா ஏறும், தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டா சில பேருக்கு குப்புனு ஏறும், ஒரு காரணமும் இல்லாம ரெண்டு வாரம் காணாமயும் போகும். நாம புதுசா ஒன்ன எப்ப ஆரம்பிப்போம்? நிலைமை ரொம்ப மோசமா இருக்கறப்போ தான. உச்சத்துல இருந்து எப்படியும் இறங்கத் தான் போகுது, அப்ப கைல எந்த டப்பா இருக்கோ அதுக்கு மாலை விழும். டோஸ் ஏத்துனா பலன் இருக்கா இல்லையான்னு 2 லிருந்து 4 வாரத்துல தெரிஞ்சிடும், பத்தலன்னா அடுத்த படிக்குப் போகலாம். புரோபயாடிக்னா ஆய்வுலயே 8 வாரம் குடுத்தாங்க, அவ்வளவு நாள்ல இந்த நோய் எத்தனை தடவை ஏறி இறங்கிடும், அதுல எது பாக்டீரியா பண்ணுன வேலைன்னு பிரிச்சு எடுக்க ஒரே ஆளால முடியவே முடியாதுன்னு கூட சொல்லலாம், நோட்டுல எழுதி வச்சா தவிர.

நோட்டுன்னா பெருசா ஒன்னுமில்ல, டாக்டருங்க யூஏஎஸ்7னு சொல்ற கணக்கு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நம்பர். அன்னிக்கு தடிப்பே இல்லன்னா 0, 20க்கு கீழன்னா 1, 20லேர்ந்து 50ன்னா 2, அதுக்கு மேலன்னா 3. அரிப்புக்கும் 0 லேர்ந்து 3. ஏழு நாளைக்கு கூட்டுனா அதிகபட்சம் 42, 6க்குள்ள இருந்தா நல்லா கட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். எண்றது தான் சிக்கல், இடுப்புல பெல்ட் அழுத்துற இடத்துல பத்து தடிப்பு ஒன்னா சேந்து ஒரு பெரிய தீவு மாதிரி நிக்கும், அதை ஒன்னுன்னு எண்றதா பத்துன்னு எண்றதா? நான் ஒன்னுன்னே வச்சுக்கிட்டேன், எப்படி எண்ணுனாலும் தினமும் அதே மாதிரி எண்ணுனா போதும். டோஸ் ஏத்துனப்போ என் வாரக் கணக்கு படியில இறங்குற மாதிரி இறங்கி ஒத்தை இலக்கத்துக்கு வந்துச்சு. புரோபயாடிக் சேத்தப்போ கோடு முன்ன எப்படி ஆடுச்சோ அப்படியே ஆடிட்டு இருந்துச்சு, நிறுத்துனப்பவும் அதே ஆட்டம். ஆனா நான் சேத்தது ஏற்கனவே குறைஞ்சதுக்கு அப்புறம், அதனால அது தன் திறமையை காட்ட பெருசா இடமே இல்லன்னும் ஒருத்தர் வாதாடலாம், அது நியாயம் தான்.

அப்படியும் போட்டுப் பாக்கணும்னு ஆசைப்படறவங்க டப்பாவ திருப்பி சின்ன எழுத்தைப் படிங்க. லாக்டோபேசில்லஸ்னு மட்டும் போட்டிருந்தா பத்தாது, இனத்துக்குப் பின்னாடி எழுத்தும் நம்பருமா ஒரு வால் இருக்கும், ஆய்வு பண்ணது அந்த குறிப்பிட்ட ரகத்தை தான். எத்தனை கோடி பாக்டீரியாங்கறது தயாரிச்ச அன்னிக்கு உள்ள கணக்கா, எக்ஸ்பைரி வரைக்கும் உள்ள கணக்கான்னும் பாருங்க. லாக்டோபேசில்லஸ் ரியூட்டரில சில ரகம் தானே ஹிஸ்டமின் உண்டாக்கும், காணாக்கடிக்காரன் காசு குடுத்து அதை வாங்குறது கொஞ்சம் வேடிக்கை தான். ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு வாயு, வயிறு உப்புசம் தவிர பெருசா ஒன்னும் பண்ணாது. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க விஷயத்துல மட்டும் விளையாடக் கூடாது, அதுல காணாக்கடிக்கே சைக்ளோஸ்போரின்ங்கற எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து எடுக்கறவங்களும் வருவாங்க.

நாலு மடங்குலயும் அடங்கலன்னா அடுத்த படி ஓமலிசுமாப் ஊசி, பொதுவா 4 வாரத்துக்கு ஒரு தடவை 300 மில்லிகிராம். எனக்கு அந்த நிலைமை வரல, அதனால அனுபவம்னு சொல்ல ஒன்னுமில்ல, ஆனா ஊசிக்குப் போக வேண்டிய ஆள் புரோபயாடிக் டப்பாவ வச்சுக்கிட்டு மாசக்கணக்குல சொறிஞ்சுக்கிட்டு காத்திருக்கிறது தான் எனக்கு உறுத்துது.

டோஸ் பக்கமும் ஒரு குறை இருக்கு. செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் ரொம்ப நாள் எடுத்துட்டு நிறுத்துறப்போ அபூர்வமா சில பேருக்கு உடம்பெல்லாம் கடுமையா அரிக்கும்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025ல எச்சரிக்கை குடுத்திருக்கு. அந்த அரிப்பைப் பாத்து நோய் திரும்பிடுச்சுன்னு தோணும். அதனால கட்டுக்குள்ள வந்ததும் படக்குனு நிறுத்தாம டாக்டர்கிட்ட பேசி படிப்படியா குறைங்க, குறைக்கிற வாரங்கள்லயும் அந்த ரெண்டு நம்பரை விடாம எழுதுங்க, தடிப்பு 0வா இருந்து அரிப்பு மட்டும் ஏறுனா அதை டாக்டர்கிட்ட அப்படியே காட்டலாம்.